தொட்டியை மூடும்வரை இணைப்பு முடிவதில்லை

தெருவில் பாதாள சாக்கடைக் குழாய் பதித்து, ரோட்டை மூடி, வாசலுக்கு முன்னால் சேம்பரும் கட்டிவிட்டுப் போன பிறகு வீட்டுக்காரருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எதையும் தொடாமல் பழைய செப்டிக் டேங்கிலேயே காலம் தள்ளுவது முதல் வழி. டேங்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து வழிகிற தண்ணீரை மட்டும் தெருக்குழாய்க்குத் திருப்பிவிடுவது இரண்டாவது. கழிவறைக் குழாயை டேங்குக்குள் விடாமல் நேராகத் தெருக்குழாயில் சேர்த்துவிட்டு, டேங்கைக் காலி செய்து நிரப்பி மூடுவது மூன்றாவது. கோவையின் உக்கடம், கோட்டைமேடு, கரும்புக்கடை, செல்வபுரம் போன்ற நெருக்கமான பகுதிகளில் இரண்டாவது வழிக்கு மனம் எளிதில் சாயும். தோண்டும் தூரம் குறைவு, வீட்டுத் தரையை உடைக்க வேண்டாம், செலவும் கொஞ்சம். ஆனால் மாற்றத்தால் வரவேண்டிய பலன்களில் பெரும்பகுதியை அந்தக் குறுக்குவழி அழித்துவிடுகிறது. டேங்கை மூடாத இணைப்பை இணைப்பாகவே கணக்கில் எடுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கான காரணங்களை முதலில் பார்த்துவிடுவோம். வேலை செய்யும் முறை அதற்குப் பிறகு வரும்.

செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்துவிடுகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது செய்வது கொஞ்சம்தான். திடக்கழிவு அடியில் படிகிறது, எண்ணெயும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கின்றன, காற்றில்லாத இருளில் நுண்ணுயிர்கள் ஒரு பங்கைச் செரிக்கின்றன. ஒழுங்காகக் கட்டி, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சேறு எடுத்துப் பராமரித்த டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீரிலும் மாசில் பாதியோ அதற்கு மேலோ அப்படியே இருக்கும். நோய்க்கிருமிகளோ ஏறக்குறைய முழுவதும் தப்பி வெளியே வரும். அதனால்தான் இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2470, டேங்கோடு வேலையை முடித்துவிடாமல் உறிஞ்சுகுழியையும் சேர்த்தே கேட்கிறது. மீதிச் சுத்திகரிப்பைச் செய்வது மண். அந்த மண் இருக்கிறதா, அதற்கு உறிஞ்சும் திறன் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே டேங்கின் நல்லதும் கெட்டதும் அமையும்.

உக்கடத்தில் அந்த மண் இல்லை. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. இரண்டு சென்ட் மனை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 30 அடிதான் வரும். தன் மனைக்குள் அந்த இடைவெளியை விடவே முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் போர்வெல்லையும் கணக்கில் எடுத்தால் தெருவில் எந்த வீடும் தேறாது. ஊரின் அமைப்பும் உதவாது. ஒருபுறம் சுமார் 320 ஏக்கர் பெரியகுளம், அடுத்து வாலாங்குளம், தெற்கே நொய்யல் ஆறு. குளம் நிரம்பியிருக்கும் மாதங்களில் கரையோர நிலத்தின் நீர்மட்டம் உயர்ந்துவிடும். ஏற்கெனவே நனைந்து ஊறிய மண் டேங்க் தண்ணீரை எங்கே உறிஞ்சும்? உறிஞ்சுகுழி பொங்கும். பொங்கியதும் வீட்டுக்காரர் ஒரு குழாயை எடுத்து மழைநீர் வடிகாலில் விடுவார். வடிகால் குளத்துக்கோ ஆற்றுக்கோ போகும். குடிநீர்க் குழாய்களுக்கும் இதே ஆபத்து உண்டு. தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இறங்கும்போது, விரிசல்கள் வழியே சுற்றியிருக்கும் அழுக்கு நீர் உள்ளே போகும். 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்குப் புதுக்குழாய் போட்டாலும், வீட்டைச் சுற்றிய மண்ணில் மலநீர் ஊறிக்கொண்டிருந்தால் முழு நிம்மதி கிடையாது. ஆகவே முதல் வழி, சும்மா இருப்பது, இந்த ஊருக்குப் பொருந்தாது.

இரண்டாவது வழிதான் ஏமாற்றுகிறது. சாக்கடையில் தண்ணீர் விடுவது நின்றது, தெருக்குழாயில் சேர்ந்தாயிற்று, இனி என்ன என்று தோன்றும். அந்தக் குழாயின் மறுமுனையில் இருப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நகர்ப்புறப் புதுப்பிப்புக்காக 2005இல் மத்திய அரசு தொடங்கிய நேரு திட்டத்தின் கீழ் கோவை மாநகராட்சிக்கு மூன்று சுத்திகரிப்பு நிலையங்கள் திட்டமிடப்பட்டன. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர், ஒண்டிப்புதூரில் 6 கோடி, நஞ்சுண்டாபுரத்தில் 4 கோடி. உக்கடம் நிலையத்தின் அளவை வீட்டுக் கணக்கில் சொல்லலாம். பாதாள சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது திட்ட அளவு. அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும். ஆளுக்கு 108 லிட்டர் என்றால், ஏறக்குறைய ஆறரை லட்சம் பேரின் கழிவுநீரை அது ஏற்க முடியும். ஆனால் வீட்டு இணைப்புகள் தாமதமானதால் பல ஆண்டுகள் அது தன் கொள்ளளவைவிடக் குறைந்த நீரையே பெற்றது. அங்குள்ள முறையில் ஒரே தொட்டியில் கழிவுநீரை நிரப்பி, காற்றூதி, தெளியவிட்டு, மேல்நீரை இறக்குகிறார்கள். இதைச் செய்வது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவற்றுக்கு உணவு நம் வீட்டுக் கழிவிலுள்ள கரிமப்பொருள். வீட்டு டேங்கிலேயே அதில் ஒரு பங்கைப் பிடித்து அழுகவைத்துவிட்டு, எஞ்சிய நீரை மட்டும் அனுப்பினால் நுண்ணுயிர்களுக்கு உணவு குறைகிறது. நைட்ரஜனை நீக்கும் கட்டத்துக்குத் தேவையான கரிமமும் அதில்தான் இருக்கிறது. பொதுச் செலவில் கட்டிய நிலையத்தை அரைப்பட்டினி போட்டுவிட்டு, அது சரியாக வேலை செய்யவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

குழாய்க்கும் கேடு உண்டு. செப்டிக் டேங்கில் ஒரு நாளோ இரண்டு நாளோ கிடந்து வரும் நீர் அழுகிய நீர். அதில் ஹைட்ரஜன் சல்பைடு கரைந்திருக்கும். சேம்பரிலும் மேன்ஹோலிலும் தண்ணீர் விழுந்து தெறிக்கும்போது அந்த வாயு வெளியேறி, ஈரமான மேற்சுவரில் படிகிறது. அங்குள்ள பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்குகிறது. அமிலம் சிமெண்டை அரிக்கிறது. கழிவறையிலிருந்து நேரே வரும் புதிய கழிவுநீரில் இந்த வாயு மிகக் குறைவு. தெருவில் முட்டை அழுகிய நாற்றம் அடித்தால் குழாயைத்தான் நாம் திட்டுவோம். அந்த நாற்றத்துக்குக் காரணம் மூடாமல் விட்ட வீட்டு டேங்குகளாகவும் இருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான காரணம் மனித உயிர். டேங்க் இருக்கும்வரை அதில் சேறு சேரும், ஒருநாள் அதை எடுத்தாக வேண்டும். லாரியின் குழாய் எட்டாத சந்து, கட்டிப்போன சேறு, அடைத்த குழாய் என்று ஏதாவது ஒன்று வரும்போது, "கொஞ்சம் இறங்கிப் பாரப்பா" என்று சொல்ல ஒரு வாய் இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுவார், தூக்கப் போகும் இரண்டாமவரும் விழுவார். 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக் குழியையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்துவதைக் குற்றமாக்கியது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டு உரிமையாளருக்கு இதில் விலக்கு இல்லை. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எந்தத் தொகையும் ஒரு உயிருக்கு ஈடாகாது. அந்தக் குழி வீட்டில் இல்லாமல் போவதுதான் நம்பத்தக்க பாதுகாப்பு.

பாதாள சாக்கடையிலும் ஆட்கள் சாகிறார்களே என்று கேட்கலாம். சாகிறார்கள், அது வெட்கக்கேடு. ஆனாலும் இரண்டையும் ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு தெரிகிறது. மேன்ஹோல் பொதுத் தெருவில், தெரிந்த இடத்தில், ஒரே நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அழுத்த நீர் வண்டியும் உறிஞ்சு வண்டியும் அருகே வர முடியும். கேரளத்தில் உருவான பாண்டிகூட் ரோபோ போன்ற இயந்திரங்களும் கோவைக்கு வந்துவிட்டன. மனிதர் இறங்கக் கூடாது என்று கேட்டு வாங்க நமக்கு ஒரு முகவரி இருக்கிறது. ஒரு தெருவில் ஐம்பது வீட்டில், சமையலறைக்கு அடியிலும் மாடிப்படிக்குக் கீழேயும் ஒளிந்திருக்கும் ஐம்பது டேங்குகளை யார் கண்காணிப்பது?

டேங்கை வைத்துக்கொண்டே வெளிநீரைக் குழாயில் விடும் ஊர்கள் உலகத்தில் இருக்கின்றனவே என்பது இன்னொரு கேள்வி. இருக்கின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவின் சிறு ஊர்களில் 1960களிலிருந்து அப்படி ஒரு முறை நடக்கிறது. அங்கே குழாயே தெளிந்த நீருக்காக, சிறு விட்டத்தில், குறைந்த வாட்டத்தில் வடிவமைக்கப்பட்டது. வீட்டு டேங்குகளிலிருந்து முறைவைத்துச் சேறு எடுப்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. நம் தெருக்குழாய் திடக்கழிவோடு சேர்ந்த முழுக் கழிவுநீருக்காக, நொடிக்கு 60 சென்டிமீட்டராவது ஓடித் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்படி வாட்டம் கணக்கிட்டுப் பதித்தது. ஒரு முறைக்குப் போட்ட குழாயில் இன்னொரு முறையின் பாதியை ஒட்டவைக்க முடியாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலமும் நம்மைப் போலவே முழுக் கழிவுக் குழாய்களுக்கு மாறுகிறது. அங்குள்ள விதி, இணைப்புக் கொடுத்த 90 நாளுக்குள் பழைய டேங்கைக் காலி செய்து, அடித்தளத்தை உடைத்து, மணலால் நிரப்பச் சொல்கிறது. மூடுவதற்கு அவர்கள் கெடு வைத்திருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு கெடு வேண்டும்.

எல்லாவற்றையும் குழாயில் விட்டால் கடைசியில் நொய்யலுக்குத்தானே போகும் என்ற கேள்வியை நான் லேசாகத் தள்ள மாட்டேன். லண்டன் அதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வீட்டு மலக்குழிகளை மூடி, கழிவை எல்லாம் பொதுச் சாக்கடையில் விட்டார்கள். முனையில் சுத்திகரிப்பு இல்லை. தேம்ஸ் நாறி, 1858 கோடையில் நாடாளுமன்றத்தையே வேறிடத்துக்கு மாற்றலாமா என்று யோசிக்கும் நிலை வந்தது. குழாய் மட்டும் போட்டால் நோயை இடம் மாற்றுவோம் என்பது அதன் பாடம். உக்கடத்தில் முனையில் நிலையம் இருக்கிறது, அதுவே இங்கு வேறுபாடு. நிலையம் இருப்பது போதாது, ஒழுங்காக ஓட வேண்டும் என்பதும் உண்மை. நாற்றத்துக்கு அஞ்சி நஞ்சுண்டாபுரம் மக்கள் தங்கள் பகுதி நிலையத்தைப் பல ஆண்டுகள் எதிர்த்ததை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரத்தின் கழிவு முழுவதும் தங்கள் வாசலுக்கு வருவதை யார்தான் விரும்புவார்கள்? அதற்குரிய பதில், நிலையத்தின் வெளிநீர்ப் பரிசோதனை முடிவுகளை மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வைப்பது. ஆயிரக்கணக்கான டேங்குகளின் வெளிநீரை யாராலும் சோதிக்க முடியாது. ஒரு நிலையத்தின் வெளிநீரைச் சோதிக்கலாம், தவறினால் கேள்வி கேட்கலாம். உக்கடத்துக்குக் கீழே நொய்யல் திருப்பூரைத் தாண்டிக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது. வழியில் இருக்கும் ஊர்களுக்கும் நாம் கடன்பட்டவர்கள்.

செலவு என்ற மறுப்புக்கு மட்டும் வீட்டுக்காரரிடம் முழுப் பதில் இல்லை. மாநகராட்சிக்கு வைப்புத்தொகை, மாதக் கட்டணம், வீட்டுக்குள் குழாய் வேலை, தரை உடைத்துப் பூசுவது, டேங்க் மூடுவது எல்லாம் சேர்ந்து ஒரே மாதத்தில் வந்து நிற்கும். லாரிக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் காசும், டேங்க் அடைத்திருந்த இடமும் மிச்சம் என்று சொல்லலாம். வசதியுள்ளவருக்கு அது பொருந்தும். தினக்கூலியில் வாழும் குடும்பத்துக்கும், வாடகைக்கு இருப்பவருக்கும் அது பதிலாகாது. தெருக்குழாய்க்குக் கோடிகள் செலவிட்ட அரசு, கடைசிப் பத்தடிக் குழாயை மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று விட்டதால்தான் நிலையம் பட்டினி கிடந்தது. வீட்டு இணைப்பையும் டேங்க் மூடுவதையும் திட்டச் செலவிலேயே சேர்த்து, தவணையில் வசூலிப்பதுதான் அறிவுள்ள ஏற்பாடு. வார்டு கவுன்சிலரிடம் தெருவாகச் சேர்ந்து கேட்க வேண்டியது இதைத்தான்.

இனி வேலை. முதலில் மட்டம் பாருங்கள், பிறகு விண்ணப்பம் எழுதுங்கள். பழைய வீடுகளில் கழிவறையும் டேங்கும் பின்கட்டில் இருக்கும், தெரு முன்னால் இருக்கும். 4 அங்குலக் குழாய்க்கு அறுபது அடிக்கு ஓர் அடி வாட்டம் என்று வைத்தால், 60 அடி நீள வீட்டில் பின்னாலிருந்து வாசல் சேர்வதற்குள் குழாய் ஓரடி இறங்க வேண்டும். 6 அங்குலக் குழாய்க்கு நூறடிக்கு ஓர் அடி போதும். கழிவறைக் குழாய் வெளியே வரும் மட்டத்தையும் தெருச் சேம்பரின் அடிமட்டத்தையும் டியூப் லெவல் வைத்துப் பார்த்தால் இந்த இறக்கம் கிடைக்குமா என்பது அரை மணியில் தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் கழிவறைத் தரையை உயர்த்துவதா, வேறு பக்கமாகக் கொண்டுபோவதா என்பதைத் தோண்டுவதற்கு முன்பே முடிவு செய்யலாம். திரும்பும் இடம் ஒவ்வொன்றிலும் மூடியுள்ள சிறு சேம்பர் கட்டுங்கள். செங்கோணத் திருப்பம் வேண்டாம். சுவரோடு சுவர் ஒட்டிய கோட்டைமேட்டு வீடுகளில் இரண்டு மூன்று வீடுகள் ஒரே சந்துக் குழாயைப் பகிர்ந்துகொள்ள நேரும். அப்படியென்றால் அடைப்பு எடுக்கும் செலவு யாருடையது, வீடு கைமாறினால் என்ன செய்வது என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நல்லுறவு இருக்கும்போதே எழுதுவது நல்லது.

மழைக்காலத்தில் தெருக்குழாய் நிறைந்து வீட்டுக்குள் எதிர்த்து வருமோ என்ற பயத்தில் டேங்கைத் துணைக்கு வைத்துக்கொள்வோர் உண்டு. பயம் நியாயம், டேங்க் அதற்கு மருந்து இல்லை. குளியலறை, சமையலறை நீர் வந்து சேரும் கல்லி டிராப்பின் வாய், வீட்டின் தரையைவிடத் தாழ்வாக, வெளிமுற்றத்தில் இருக்க வேண்டும். எதிர்த்து வந்தாலும் முதலில் முற்றத்தில்தான் பொங்கும். கழிவறைத் தரை தெரு மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்ந்திருந்தால் எதிர்நீர் தடுக்கும் வால்வு கட்டாயம், அதைத் திறந்து சுத்தம் செய்யும்படி சேம்பருக்குள் வைக்க வேண்டும். மழையில் குழாய் நிறைவதற்கு ஒரு பெரிய காரணம் மொட்டைமாடித் தண்ணீரை அதில் விடுவது. மாடி நீருக்கு மழைநீர்த் தொட்டிதான் இடம். சமையல் எண்ணெய், நாப்கின், துணி, கோழி இறகு எதுவும் குழாயில் போகக் கூடாது. உணவகமும் மீன், கறிக்கடையும் கொழுப்பு பிடிக்கும் தொட்டியை வைத்து வாரம் தவறாமல் எடுக்க வேண்டும். நகைப்பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: அமிலத்தை ஊற்றினால் நிலையத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் சாகும்.

டேங்க் மூடும் வேலையைப் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறியிருக்கும்போது காலி செய்தால் வெளிநீர் உள்ளே ஊறும், காலித் தொட்டியை மேலே தள்ளவும் பார்க்கும். புதுக்குழாய் முழுவதும் போட்டு, தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகே பழைய குழாயை வெட்டுங்கள். அதே நாளில் உரிமம் பெற்ற லாரியை அழைத்து டேங்கை முழுவதும் உறிஞ்சச் சொல்லுங்கள். சேறு கட்டியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து மறுபடி உறிஞ்சலாம். ஆள் இறங்குவது எந்தக் கட்டத்திலும் கிடையாது. லாரி சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டுகிறது என்பதற்கு ரசீது கேளுங்கள். பிறகு மேல்மூடியை வெளியே நின்றபடி இயந்திரத்தால் உடைத்து, பல நாட்கள் திறந்து காற்றாட விட்டு, சுண்ணாம்பு தூவுங்கள். திறந்த குழியைச் சுற்றி உறுதியான தடுப்பு வைக்க மறக்காதீர்கள், குழந்தைகள் நடமாடும் இடம். அடியில் நீர் தேங்காதிருக்க, மேலிருந்தே துளைக் கருவியை இறக்கித் தளத்தில் சில ஓட்டைகள் போடச் சொல்லுங்கள். பிறகு உடைந்த கல்லும் மணலும் அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கிலும் தண்ணீர் விட்டு இறுக்குங்கள். குப்பையையும் மரத்துண்டையும் போட்டால் அவை மக்கி, நாளை தரை அமுங்கும். உறிஞ்சுகுழியையும் இதே முறையில் நிரப்புங்கள். டேங்கைக் கழுவி மழைநீர் சேமிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கழுவ ஆள் இறங்க வேண்டும் என்பதால் அந்த யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன்.

வேலை முடிந்ததும் புதுக்குழாய் போகும் பாதை, சேம்பர்கள், நிரப்பிய டேங்க் இருந்த இடம் மூன்றையும் சுவரிலிருந்து எத்தனை அடி என்ற அளவோடு ஒரு தாளில் வரைந்து, இணைப்பு ரசீதோடும் லாரி ரசீதோடும் சேர்த்து வீட்டுப் பத்திரக் கட்டில் வையுங்கள். உங்களுக்குப் பின் அங்கே குடியிருப்பவரோ, தூண் போடத் தோண்டும் கொத்தனாரோ அந்தத் தாளைத் தேடுவார்.